ஆவுடை வைத்த ஏழு புள்ளி

அந்தக் காலத்தில், எறும்பு வழி கேட்டால் மனிதர் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன நாளில், பொறிவண்டின் முதுகில் ஒரு பொறி, ஒரு புள்ளிகூடக் கிடையாது. முதுகு முழுக்க ஒரே சிவப்பு. பெயரும் செவ்வண்டுதான். பூச்சிகளுக்கும் பேச்சு இருந்ததால் அன்றைக்கு யாரும் மறைவாகப் பொறாமைப்பட முடியாது. செடிக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தாலும் ஒரு தும்பியாவது கேட்டு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிடும். ஆவுடையின் பொறாமையும் வெகுநாள் மறைந்து நிற்கவில்லை.

ஆவுடை, ஆற்றங்கரையில் ஊர்த்துணி வெளுக்கும் கொம்பையாவின் மகள். வயது பத்து. அவள் வீட்டைப்போலத் துணி நிறைந்த வீடு அந்த ஊரில் வேறு இல்லை. பட்டுக்கரை வேட்டி, கல்யாணச் சேலை, பிள்ளை பிறந்த வீட்டுத் தொட்டில் துணி, எல்லாம் அங்கே வந்துதான் போகும். வந்து போகும் என்பதில்தான் அவளுக்கு எரிச்சல். மூன்றாம் நாள் எல்லாம் மூட்டையில் ஏறி, வந்த வீட்டுக்கே திரும்பிவிடும். காய்ந்த சேலையை மடிக்கும்போது ஆவுடை அதை ஒரு தடவை தோளில் போட்டுப் பார்ப்பாள். அம்மா அடுப்படியில் இருந்தே, "ஏட்டி, அது ஊரார் துணி" என்று குரல் கொடுப்பாள். சேலை தோளைவிட்டு இறங்கிவிடும்.

எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்பதில் கொம்பையாவுக்குத் தடுமாற்றமே வராது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் வைத்திருந்தார். நாட்டாமை வீட்டுக்கு நாலு புள்ளி. செக்கடி வீட்டுக்கு மூன்று பட்டைக்கோடு. பூசாரி வீட்டுக்கு நெளிகோடு. தோட்டக்காரர் வீட்டுக்கு இரண்டு புள்ளி. சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அதில் ஊறும் சாற்றைத் துணியின் மூலையில் தொட்டு வைப்பார். வைத்த உடனே பார்த்தால் லேசான பழுப்புதான், கண்ணுக்கே தெரியாது. வெயில் படப்பட அது கறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கன்னங்கரேலென்று நிற்கும். பிறகு உவர்மண் போட்டாலும் போகாது, வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. துணி கிழிந்தால்தான் உண்டு. சாறு கையில் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்பதால் மகளை அந்தக் கொட்டைச் சம்புடத்தின் பக்கமே விடமாட்டார்.

மாசி மாதம் ஒரு காலையில், மணலில் விரித்திருந்த நாட்டாமை வீட்டு வேட்டியில் ஒரு செவ்வண்டு வந்து உட்கார்ந்தது.

"நீ யாரு வீட்டுது?" என்று ஆவுடை கேட்டாள். எதைக் கண்டாலும் அவளுக்கு முதலில் வாயில் வரும் கேள்வி அதுதான்.

"யாரு வீட்டுதும் இல்ல" என்றது வண்டு. "பசி உயிரு போகுது. வெள்ளையாத் தெரிஞ்சுதா, பூவுன்னு நெனச்சு எறங்கிட்டேன்."

யார் வீட்டுதும் இல்லை! ஆவுடை சட்டென்று ஓரடி முன்னால் வந்தாள். விரலை நீட்டினாள். வண்டு கூச்சப்படாமல் ஏறிக்கொண்டது.

"என்ன திம்பே?"

"அசுவினி. கொழுந்துல கூட்டமா ஒட்டிக்கிட்டுச் சாறு உறிஞ்சுமே, பேன் மாதிரி, அதுதான். ஒரு நாளைக்கு அம்பது வேணும் எனக்கு."

ஆற்றங்கரையில் ஏது அசுவினி? கல்லும் மணலும் ஈரத்துணியும்தான். ஆனால் கூப்பிடு தூரத்தில் தோட்டக்காரர் வீட்டு அவரைப் பந்தல் இருந்தது. அதன் கொழுந்தெல்லாம் அசுவினி அப்பி, பூவெல்லாம் கருகி, தோட்டக்காரர் சாம்பல் தூவித் தூவிச் சலித்துப்போயிருந்தார். அவர் மகள் பூரணம் ஆவுடைக்கு உயிர்க் கூட்டாளி. வண்டுக்கு வயிறு நிறைந்ததும் திரும்ப அழைத்துவந்துவிடலாம் என்ற நினைப்பில் ஆவுடை அதை விரலில் வைத்தே நடந்துபோய்ப் பந்தலில் விட்டாள். வழியெல்லாம் வண்டு தன் குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தது. அதைக் கொண்டுபோய் விட்டதுதான் தான் செய்த பெரிய தப்பு என்று ஆவுடை பிறகு பல நாள் மனம் புழுங்கினாள்.

வண்டு திரும்பி வரவில்லை. எப்படி வரும்? அங்கே இலைக்கு இலை விருந்து. நாலு நாளில் அது தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டது. பந்தலில் நாற்பது வண்டு சேர்ந்தது. அவரை மறுபடி துளிர்த்தது, பூத்தது. தோட்டக்காரர் சாம்பல் கூடையைத் தூக்கித் தூரப்போட்டார். ஊரில் எல்லோரும் அதைப் "பூரணம் வண்டு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

பூரணம் வண்டாம்! ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலமானால் பூரணம் ஊர்ப்பிள்ளைகளைப் பந்தலடியில் கூட்டிவைத்துக்கொண்டு இலை இலையாகத் திருப்பிக் காட்டுவாள்.

"இங்க பாருங்க, தினையரிசி மாதிரி மஞ்சளா நட்டுக்க நிக்குல்லா, இது முட்டை. இந்தா கருப்பா, முதலக்குட்டி மாதிரி ஊருதே, இது வண்டோட பிள்ளை. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா தாயைவிட இதுதான் கொள்ளத் திங்கும். எங்கய்யா கெட்ட பூச்சின்னு நசுக்கப் போனாவ. நாந்தான் விடல. இது இலையில ஒட்டிக்கிட்டுத் தவம் மாதிரி ஒரு வாரம் கெடக்கும். பெறவு முதுகு வெடிச்சு வண்டா வரும்."

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். வரிசையின் கடைசியில் நின்ற ஆவுடைக்குக் காது சுட்டது. இவ்வளவும் வண்டு அவளிடம் சொன்னது. விரலில் உட்கார்ந்து வரும்போது சொன்னது. அதை அவள்தான் பூரணத்திடம் சொன்னாள். இப்போது "நாந்தான் விடல" என்கிறாள் இவள்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது. முதன்முதல் வந்த அந்தத் தாய் வண்டு பிள்ளைகளிடம், "எங்களுக்குக் கோடையைக் கழிக்கத்தான் எடம் இல்ல. கல்லுக்கு அடியில போனா ஓணான் தூக்கிருது. மரப்பட்டைக்குள்ள போனா சூடு தாங்கல. பாதிப் பேருதான் மிஞ்சுவோம்" என்றது.

அவ்வளவுதான், பிள்ளைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வண்டுக்கு வீடு கட்டுவது என்று முடிவாயிற்று. ஆற்றோரத்து நாணலைச் சாண் நீளத்துக்கு வெட்டினார்கள். ஒரு பக்கம் கணு அடைத்திருக்கும்படி, மறுபக்கம் துளை திறந்திருக்கும்படி பார்த்து எடுத்தார்கள். அறுபது குழலை அடுக்கி, இடுக்கில் காய்ந்த இலையைத் திணித்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டினார்கள். மேலே பனையோலையை மடித்துக் கூரை போட்டுப் பந்தல்காலில் நிழல் பக்கமாகத் தொங்கவிட்டார்கள். அன்று மாலையே வண்டுகள் ஆளுக்கொரு அறையாகக் குடியேறின.

நாணலை வெட்டியது யார்? ஆவுடை. ஆற்றங்கரை அவளுக்குத்தானே அத்துப்படி. உள்ளங்கையெல்லாம் நாணல் கீறல். ஆனால் வீடு தொங்கியது பூரணம் வீட்டுப் பந்தலில்.

ஆவுடை சும்மா இருக்கவில்லை. மறுநாளே தனியாக உட்கார்ந்து, நூறு குழல் வைத்து, இரட்டைக் கூரை போட்டு, பூரணம் வீட்டுக் கூட்டைவிட ஒரு சாண் பெரிதாக ஒரு கூடு கட்டினாள். துணி காயப்போடும் கொடிக்கம்பத்தில் அதைத் தொங்கவிட்டாள். பத்து நாள் காத்திருந்தாள். ஒரு சிலந்தி மட்டும் வந்து வாசலில் வலை பின்னிவிட்டு, "எடம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஈ காக்காய் கெடயாது" என்று குறை சொல்லிவிட்டுப் போயிற்று.

தாய் வண்டிடம் போய் நேரிலேயே கேட்டுவிட்டாள். "என் வீடு இதவிடப் பெருசு. வாயேன்."

"அங்க வந்து என்னத்தத் திங்க? வேட்டியவா?" என்றது வண்டு. அதற்கு உள்குத்து எதுவும் கிடையாது. இருப்பதைச் சொன்னது. ஆனால் பக்கத்தில் நின்ற பூரணம் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. ஆவுடை வீட்டுக்கு வந்து வெள்ளாவி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடுப்பு எரிந்ததா, அவள் எரிந்தாளா என்று சொல்ல முடியாது. போன கோயில் கொடைத் திருவிழாவின்போது நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கோயில் கூட்டத்தில் இரண்டு பெண்கள் ஒரே மாதிரிச் சேலைக்காக முடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கொம்பையா போய்ச் சேலை மூலையைத் திருப்பிக் காட்டினார். நாலு புள்ளி. சண்டை அத்தோடு தீர்ந்தது, சேலை நாட்டாமை வீட்டுக்குப் போனது. புள்ளி சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு இல்லை.

"அய்யா, நம்ம வீட்டுக்கு எத்தன புள்ளி?" என்று கேட்டாள்.

துணி பிழிந்துகொண்டிருந்த கொம்பையா சிரித்தார். "நம்ம துணிக்கு எதுக்குட்டி புள்ளி? ஊர்த்துணியெல்லாம் பிரிச்சு வச்ச பெறவு, புள்ளி இல்லாம என்ன கெடக்கோ அது நம்முது."

ஒற்றைத் துண்டு வைத்திருக்கிற வீட்டுக்குக்கூட ஒரு அடையாளம் உண்டு. நமக்குத்தான் இல்லை. ஆவுடைக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சரி, நாமே வைத்துக்கொள்வோம். நாட்டாமை வீட்டுக்கு நாலு என்றால் நமக்கு ஏழு.

மறுநாள் உச்சிப்பொழுதில் பூரணம் சாப்பிட வீட்டுக்குள் போன நேரம் பார்த்து, இடுப்பில் சேங்கொட்டையும் கையில் ஊசியுமாக ஆவுடை பந்தலடிக்குப் போனாள். வண்டுகள் வெயிலுக்கு அடங்கி நாணல் அறைகளில் அரைத்தூக்கத்தில் இருந்தன. முதல் அறையில் தாய் வண்டு.

"யாரு, ஆவுடையா? என்ன பிள்ள இந்நேரத்துல?"

"ஒனக்குப் பொட்டு வைக்க வந்தேன்."

"பொட்டா? வையி, வையி" என்று வண்டு முதுகைக் காட்டியது. அதற்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆவுடைக்குக் கை ஒரு தடவை நின்றது. பூரணத்தின் சிரிப்பு காதில் கேட்டது. ஊசியைக் கொட்டையில் குத்தி எடுத்துப் புள்ளி வைத்தாள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, கழுத்துக்குக் கீழே நடுவில் ஒன்று. வண்டு சிலிர்த்தது. "எரியுதே பிள்ள" என்றது. "கொஞ்ச நேரந்தான்" என்றாள். பதினொரு வண்டுக்கு வைப்பதற்குள் பூரணம் வீட்டுக் கதவு சத்தம் கேட்க, ஓடி வந்துவிட்டாள். முதுகில் புள்ளி எதுவும் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்குத் தெரியும். வெயில் பட வேண்டும்.

மறுநாள் காலையில் பூரணம் மூச்சிரைக்க ஆற்றங்கரைக்கு ஓடி வந்தாள். அவள் கையில் தாய் வண்டு. சிவப்பு முதுகில் ஏழு கறுப்புப் புள்ளி பளிச்சென்று நின்றன.

"யாருட்டி இதச் செஞ்சது?"

"நாந்தான்" என்றாள் ஆவுடை. பூரணத்திடமிருந்து எடுத்த அதே வார்த்தை. "ஏழு புள்ளி எங்க வீட்டு அடையாளம். புள்ளி இருந்தா அந்த வீட்டுலதான் ஒப்படைக்கணும். வேணும்னா ஒங்கய்யாவையே கேட்டுப் பாரு."

பூரணத்துக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. வீட்டுக்குப் போய், மிச்சமிருக்கிற வண்டாவது கைவிட்டுப் போகக் கூடாதென்று, தோப்பில் கிடந்த சேங்கொட்டையைப் பொறுக்கி வந்து, கைக்கு எட்டிய பன்னிரண்டு வண்டுக்கு இரண்டிரண்டு புள்ளி வைத்தாள். அதைச் செக்கடி வீட்டுப் பையன் பார்த்தான். நாட்டாமை பேத்தி பார்த்தாள். பூசாரி மகன் பார்த்தான். நமக்கு மட்டும் வண்டு வேண்டாமா? ஆளாளுக்கு ஒரு கொட்டை, ஆளாளுக்கு ஒரு ஊசி. ஒருத்தி நாலு புள்ளி வைத்தாள், ஒருத்தன் பட்டை பட்டையாக இழுத்தான், பூசாரி மகன் நெளிகோடு போட்டான். இரண்டு நாளில் பந்தலில் வெறும் முதுகோடு ஒரு வண்டு இல்லை. பிள்ளைகளின் விரலெல்லாம் கொப்புளம்.

சேங்கொட்டைச் சாறு மேலோடு நிற்கிற சாறா? வண்டுகளின் உடம்புக்குள் இறங்கி, ரத்தத்தோடு கலந்து, கால்முட்டி வழியாக மஞ்சள் மஞ்சளாகக் கசிந்தது. பந்தலில் வந்து உட்கார்ந்த ஒரு தவிட்டுக்குருவி வழக்கம்போல ஒரு வண்டைக் கொத்தி வாயில் போட்டது. போட்ட வேகத்தில், "தூ! தூ! என்ன கண்றாவி கசப்பு இது!" என்று துப்பிவிட்டு, நாக்கை மரப்பட்டையில் தேய்த்துவிட்டுப் பறந்தது. வண்டு தப்பித்தது. ஆனால் அதைக் கொண்டாடும் நிலையில் எந்த வண்டும் இல்லை.

மூன்றாம் நாள் பந்தல் காலி. கூடு காலி.

எங்கே போயின? ஆவுடை கொடிக்கம்பத்துப் பக்கம் போனபோது தன் நூறு குழல் கூட்டுக்குள் சலசலவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அறைக்கு அறை வண்டு. ஏழு புள்ளி, இரண்டு புள்ளி, நாலு புள்ளி, கோடு போட்டது, நெளிந்தது எல்லாம். அவள் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருந்தது. ஊரிலுள்ள வண்டெல்லாம் அவள் வீட்டில்.

"வந்துட்டீயளா!" என்றாள்.

"வராம?" என்றது தாய் வண்டு. "கறை பட்டா வெளுக்கிற வீட்டுக்குத்தான வரணும். இது போகுமா பிள்ள? எடுத்துக் குடு. எரிச்சல் தாங்கல."

ஆவுடையை நம்பி வந்திருக்கின்றன, அதுவும் புள்ளி வைத்தவளிடமே. உவர்மண்ணைக் குழைத்துத் தடவினாள். எலுமிச்சம்பழம் பிழிந்தாள். ஆற்றுத் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். போகாது என்று அவளுக்கே தெரியும், இருந்தாலும் துடைத்தாள். புள்ளிகள் முன்னைவிடக் கறுப்பாகப் பளபளத்தன.

அன்று முழுக்க வண்டுகள் அவளிடமே இருந்தன. மறுநாளும் இருந்தன. எண்ணியெண்ணிப் பார்த்துக்கொண்டாள். பூரணம் அந்தப் பக்கம் அழுதுகொண்டே போவதைப் பார்த்தாள். பந்தலில் அசுவினி மறுபடி கிளம்பி, பூவெல்லாம் கருகிக் கொட்டுகிறதாம். தும்பி வந்து சொல்லிற்று. இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் ஆவுடை முன்பு நினைத்திருந்தாள். ஆனால் இரண்டாம் நாள் மத்தியானம் இரண்டு வண்டுகள் குழலிலிருந்து உருண்டு மணலில் மல்லாந்து விழுந்தன. காலை மடக்கிக்கொண்டு கிடந்தன. பசி மயக்கம்.

"கொஞ்சம் பொறு, கறைய எடுத்துருதேன்" என்று பொய் சொன்னாள்.

அன்று ஊருக்குத் துணி எடுத்துப்போகும் நாள். அம்மா கூப்பிட, ஆவுடை போய்க் காய்ந்த துணிகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். மனம் வேறெங்கோ இருந்தாலும் கை அதன் வேலையைச் செய்தது. மூலையைத் திருப்பும். நாலு புள்ளி, அந்தக் குவியல். நெளிகோடு, இந்தக் குவியல். இரண்டு புள்ளி, பூரணம் வீட்டுப் பாவாடை, தனியே. கடைசியில் எல்லா மூட்டையும் கட்டி முடிந்தபோது தரையில் அடையாளமே இல்லாமல் அவள் சட்டையும் அப்பாவின் துண்டும் கிடந்தன.

கை அப்படியே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த வேலையைப் பார்க்கிறாள். புள்ளி வைத்த ஒரு துணிகூட இந்த வீட்டில் தங்கியதில்லை. புள்ளி வைப்பதே திருப்பிக் கொடுக்கத்தான். தங்க வைப்பதற்காகப் புள்ளி வைத்த ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான், அதுவும் கொம்பையா மகள்! வெட்கத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எழுந்தாள். கொடிக்கம்பத்திலிருந்து கூட்டை அவிழ்த்தாள். அஞ்சு சிறுகூடையில் இலையைப் பரப்பி, வண்டுகளை அடையாளம் பார்த்துப் பிரித்து வைத்தாள். தலையில் துணிமூட்டை, கையில் கூடைகள். வீட்டு வாசலில் நின்று எப்போதும் "துணி வந்திருக்கு" என்று குரல் கொடுப்பவள் அன்றைக்கு, "துணியும் வண்டும் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள். நாலு புள்ளி நாட்டாமை வீட்டுக் கத்தரிப் பாத்திக்குப் போனது. பட்டைக்கோடு செக்கடி வீட்டு எள்ளுக்கொல்லைக்கு. நெளிகோடு பூசாரி வீட்டு அரளிச் செடிக்கு. ஒவ்வொரு கொழுந்திலும் விரலை வைத்துக் காத்திருந்தாள். வண்டு விரல் நுனிவரை நடந்துபோய், இறக்கையை விரித்து இலையில் இறங்கியது.

தோட்டக்காரர் வீட்டுக்குத்தான் கடைசியில் போனாள். கால் அங்கே போகத்தான் தயங்கியது. பூரணம் கருகிய பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா, ஒங்க வீட்டு இரண்டு புள்ளி. பன்னெண்டு இருக்கு. எண்ணிக்கோ."

பூரணம் வாங்கவில்லை. "எதுக்குட்டி இப்படிச் செஞ்சே?"

"பொறாமைதான்" என்றாள் ஆவுடை. சொல்லிவிட்ட பிறகு நெஞ்சு லேசானது. "நாந்தான் கூட்டி வந்தேன். ஒன் வண்டுன்னு ஆயிருச்சு. எங்க வீட்டுக்கு எது வந்தாலும் அடுத்த வீட்டுக்குத்தான் போகுது. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு இருந்துச்சு."

பூரணம் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு மட்டும் இல்லயாக்கும்? பந்தல்ல நாப்பது வண்டு இருந்து என்ன? எங்கிட்ட தனியா ஒண்ணாவது பேசுச்சா? ஒன்கிட்டதான் அது கதை கதையாச் சொல்லும். ஒன்ன மாதிரியே நானும் சொல்லிப் பாத்தேன். அதுதான் நாந்தான் நாந்தான்னு பீத்துனேன்."

பிறகு பூரணம் எழுந்து கூடையை வாங்கி, இரண்டு பேருமாக வண்டுகளைக் கொழுந்தில் விட்டார்கள். மயக்கத்தில் கிடந்ததுகூட அசுவினி வாசனை பட்டதும் காலை நீட்டியது.

"ஒன் ஏழு புள்ளி?" என்று பூரணம் கேட்டாள்.

ஆவுடை கடைசிக் கூடையைப் பார்த்தாள். பதினொரு வண்டு. "இந்த ஊர்ல எந்த வீட்டுக்கும் ஏழு கெடயாது. நானா இட்டுக்கட்டினது. எங்க வேணும்னாலும் போகட்டும்." கூடையைக் கவிழ்த்தாள். பத்து வண்டு திசைக்கொன்றாகப் பறந்தது. ஏழு புள்ளி வண்டை இன்றைக்கும் எந்த ஊரில் வேண்டுமானாலும் பார்க்கலாம். தாய் வண்டு மட்டும் போகவில்லை. அவரை இலைக்கு அடியில் போய் உட்கார்ந்து முட்டையிட ஆரம்பித்தது.

"எனக்குத்தான் கறை போகாது. என் பிள்ளையாவது வெறும் முதுகாப் பொறக்கணும்" என்றது. அதைக் கேட்டபோது ஆவுடைக்கு ஏற்பட்ட வேதனை, முன்பு பட்ட பொறாமையைவிடப் பெரிது.

ஒரு மாதம் இரண்டு பிள்ளைகளும் அந்த இலையைக் காவல் காத்தார்கள். முட்டை வெடித்தது, முதலைக்குட்டி ஊர்ந்தது, வயிறு முட்டத் தின்று வளர்ந்தது, இலையில் ஒட்டித் தவம் கிடந்தது. ஒரு நாள் காலையில் முதுகு வெடித்து, முதல் வண்டு ஈரத்தோடு வெளியே வந்தது. இளமஞ்சள் நிறம். முதுகில் ஒன்றுமே இல்லை. துவைத்த துணிபோலச் சுத்தமாக இருந்தது.

"கறை இல்ல!" என்று தாய் வண்டு கத்தியது. பூரணம் குனிந்து அப்படியும் இப்படியும் பார்த்தாள்.

"இது யாரு வீட்டுதுட்டி? புள்ளி எதுவும் இல்லயே."

ஆவுடை விரலை நீட்டினாள். குட்டி வண்டு தள்ளாடிக்கொண்டே ஏறியது. அப்பா சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாகக் காதில் விழுந்ததுபோல இருந்தது.

"புள்ளி இல்லாதது எங்க வீட்டுது" என்றாள்.

ஆவுடை விரலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் ஏங்கியது கையில் இருந்தது. வெயில் பந்தலுக்குள் இறங்கி வந்து வண்டின் முதுகில் பட்டது. மஞ்சள் மெல்லச் சிவந்தது. அந்தச் சிவப்பில், எங்கோ உள்ளேயிருந்து, ஒரு பழுப்புப் புள்ளி. இன்னொன்று. சேங்கொட்டைச் சாறு வெயிலில் எப்படிக் கறுக்கும் என்று ஆவுடைக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாயின் ரத்தத்தோடு வந்தது அது. அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக ஏழும் கறுத்து முடிந்தன.

"சரி, போகட்டும். குருவியாவது தொடாது" என்றது தாய் வண்டு.

ஆவுடைக்குக் கையை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது. மூடவில்லை. விரலை நேராக நிமிர்த்திப் பிடித்தாள். குட்டி வண்டு நுனிவரை ஏறி, ஒரு கணம் நின்று, இறக்கை விரித்துப் பறந்துபோயிற்று.

அன்று முதல்தான் செவ்வண்டுக்குப் பொறிவண்டு என்று பெயர். அன்று முதல்தான் அதைப் பிடித்தால் கால்முட்டியில் மஞ்சளாகக் கசப்பு கசிகிறது, பிள்ளைகள் விரலில் ஏற்றினால் நுனி தேடிப் போய்ப் பறந்துவிடுகிறது. அன்று முதல்தான், எந்தப் பொறிவண்டானாலும் கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும்போது முதுகில் ஒரு புள்ளிகூட இல்லாமல் வருகிறது. கொஞ்ச நேரம் போனதும் புள்ளி கறுத்து ஏதாவது ஒரு தோட்டத்தைப் பார்த்துப் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது ஆவுடை வீட்டுது.